நியாய மதிப்பு – யாருக்கு நியாயம்?

மின்சாரக் கம்பெனிக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, கம்பியில் ஓடும் மின்சாரத்தின் கணக்கு. மற்றொன்று, காகிதத்தில் ஓடும் பணத்தின் கணக்கு. முதற் கணக்கைத் தொழிலாளி அறிவான். கம்பத்தில் ஏறுகிறவன் அவன். கொதிகலன் முன் வேகிறவன் அவன். இரண்டாவது கணக்கு அவன் கண்ணில் படுவதில்லை. பட்டாலும் புரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்டதோ என ஐயுறும்படியான மொழியில் அது எழுதப்பட்டிருக்கிறது.

அந்த மொழியிலே ஒரு சொல் இருக்கிறது: 'நியாய மதிப்பு'. எவ்வளவு அழகான சொல்! நியாயம் என்ற சொல்லைக் கேட்டதும் ஏழையின் நெஞ்சு குளிரும். பஞ்சாயத்திலே நியாயம் கேட்பான். கூலியிலே நியாயம் கேட்பான். கடையிலே நியாய விலை கேட்பான். அதே சொல்லைக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை எடுத்தாளும்போது, அதன் பொருள் என்ன? யார் வைத்த தராசு அது? அதையே இன்று ஆராய விரும்புகிறோம். இதற்கு அமெரிக்க நாட்டின் மின்சாரக் கம்பெனிகளை எடுத்துக்கொள்கிறோம். அங்கேதான் இந்தச் சொல் பிறந்து, வளர்ந்து, வழக்காடி, சிலரை வாழவைத்துப் பலரை வாட்டியிருக்கிறது.

மூன்று படிகள்

கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் முன்னே ஐந்தொகை இருக்கும். பின்னே பக்கம் பக்கமாக அடிக்குறிப்புகள் இருக்கும். அக்குறிப்புகளில் ஒன்றுதான் நியாய மதிப்புக் குறிப்பு.

மின் நிலையம், கோபுரம், கம்பி, மின்மாற்றி ஆகியவை அந்தக் குறிப்பில் வருவதில்லை. அவற்றை அடக்க விலைக்கு எழுதி, ஆண்டுதோறும் தேய்மானத்தைக் கழித்து வருகிறார்கள். குறிப்பில் வருவன வேறு: கம்பெனி வைத்திருக்கும் முதலீடுகள், நாளைய மின்சாரத்தையும் எரிவாயுவையும் இன்றே விலைபேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள், தொழிலாளரின் ஓய்வூதிய நிதி, அணு உலையை ஒருநாள் பிரித்துப் போடுவதற்கென்று சேர்த்துவரும் நிதி, கம்பெனி வாங்கியுள்ள கடன்.

இவற்றுக்கு மதிப்புப் போடும் முறையை அமெரிக்கக் கணக்கியல் தரக் குழு 2006-இல் 157 என்ற எண்ணுள்ள விதியாக வகுத்தது. 2011-இல் உலகக் கணக்கியல் குழுவும் அதையொட்டி 13-ஆம் எண் விதியைத் தந்தது. நம் நாட்டுப் பெருங்கம்பெனிகளுக்கும் அதே வழியில் 113-ஆம் எண் விதி உண்டு. விதி சொல்வது இதுதான்: இன்றைய நாளில், அவசரமும் கட்டாயமும் இல்லாத விற்பனையில், இப்பொருள் என்ன விலை பெறுமோ அதுவே நியாய மதிப்பு.

சரி, அந்த விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள்.

முதற்படி: சந்தையிலே அதே பொருள் தினமும் விலைபோகிறது. கூவி விற்கிறார்கள்; நாலு பேர் காதில் விழுகிறது. அந்த விலையை அப்படியே எழுதிக்கொள்ளலாம். பங்குச் சந்தையில் விற்கும் பங்குகள் இந்தப் படியைச் சேர்ந்தவை.

இரண்டாம் படி: அதே பொருள் விற்கவில்லை, அதைப் போன்ற பொருள் விற்கிறது. பக்கத்து மனை என்ன விலைக்குப் போயிற்று என்று விசாரித்து நம் மனைக்கு விலை சொல்வதில்லையா, அதுபோல. கம்பெனியின் கடன் பத்திரங்கள் பெரும்பாலும் இந்தப் படியிலேதான் நிற்கும்.

மூன்றாம் படி: சந்தையும் இல்லை, அதைப் போன்ற பொருளும் இல்லை. கம்பெனியே உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. பத்தாண்டு கழித்து மின்சாரம் இன்ன விலை விற்கும், வட்டி இவ்வளவு இருக்கும், ஆகவே இந்த ஒப்பந்தம் இன்று இன்ன விலை பெறும் என்று தானே எழுதிக்கொள்கிறது. கன்று இன்னும் பிறக்கவில்லை. அது கறக்கப்போகும் பாலுக்குக் கணக்கு எழுதியாகிறது!

முதற்படியில் கூசாமல் நிற்கலாம். இரண்டாம் படியில் எச்சரிக்கை வேண்டும். மூன்றாம் படியில் நிற்பவனிடம், "உன் கணக்கைக் காட்டு, எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேட்டே ஆகவேண்டும். விதியும் அதைக் காட்டச் சொல்கிறது. ஆனால் காட்டப்படுவதைப் படிப்பவர் எத்தனை பேர்?

செக்குமாடு சுற்றிய 46 ஆண்டுகள்

மின் நிலையத்தை அடக்க விலைக்கு எழுதுகிறார்கள் என்றோம். அது தானாக வந்த நன்மையன்று, போராடிப் பெற்றது. அந்தக் கதையைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1898-இல், நெப்ராஸ்கா மாநிலம் ரயில் கட்டணத்துக்கு வரம்பு கட்டிய வழக்கிலே, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. மக்களுக்குப் பணிபுரியும் கம்பெனி, தன் சொத்தின் 'நியாய மதிப்பின்' மீது நியாயமான வருவாய் பெற உரிமையுடையது என்பது அத்தீர்ப்பு. ரயிலுக்குச் சொன்னது பின்னர் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் தொலைபேசிக்கும் பாய்ந்தது.

நியாய மதிப்பு எவ்வளவு? அடக்க விலையையும் பார்க்கலாம், இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் செலவையும் பார்க்கலாம், பங்குகளும் பத்திரங்களும் சந்தையில் விற்கும் விலையையும் பார்க்கலாம் என்றது கோர்ட். இங்கேதான் செக்கு சுற்றத் தொடங்கியது. கட்டணம் நியாயமா என்றறிய மதிப்பைப் பார்! மதிப்பு எவ்வளவு என்றறிய வருமானத்தைப் பார்! வருமானம் எவ்வளவு என்றறியக் கட்டணத்தைப் பார்! சுற்றிச் சுற்றி வந்தது மாடு; எண்ணெய் வடிந்ததோ கம்பெனியின் குடத்தில்.

விலைவாசி ஏறும் காலத்திலே, "இன்று கட்டினால் என்ன செலவாகும் தெரியுமா?" என்று கம்பெனிகள் கேட்டன. என்றோ மலிவாகக் கட்டியதற்கு இன்றைய விலையில் வருவாய் கேட்டன. 1923-இல் நீதிபதி பிராண்டைஸ் தனிக் குறிப்பு எழுதி இதை மறுத்தார். முதலீட்டாளர் விவேகத்தோடு போட்ட பணம் எவ்வளவோ, அதற்குத்தான் வருவாய். கற்பனைச் சொத்துக்கு அல்ல என்பது அவர் வாதம். அன்று அது சிறுபான்மைக் குரல்.

1944-இல் அக்குரலின் பக்கம் காற்று திரும்பிற்று. மேற்கு வர்ஜீனியாவின் ஹோப் எரிவாயுக் கம்பெனி வழக்கு அது. புதிதாகக் கட்டினால் 9 கோடியே 70 லட்சம் டாலர் ஆகும் என்று மதிப்பீடு காட்டியது கம்பெனி. கட்டணத்துக்கு அடிப்படையாக 6 கோடியே 60 லட்சத்தை ஏற்குமாறு வாதாடியது. கூட்டாட்சி மின்சாரக் கமிஷனோ, உண்மையில் போட்ட முதலைத் தேடித் தேய்மானம் கழித்து, 3 கோடியே 37 லட்சம்தான் என்றது. கமிஷன் அனுமதித்த வருவாய் நூற்றுக்கு ஆறரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி கேட்ட அடிப்படையிலே ஆண்டுக்கு ஏறக்குறைய 43 லட்சம் டாலர். கமிஷன் கண்ட அடிப்படையிலே 22 லட்சம் டாலர். இடையிலுள்ள 21 லட்சமும் அடுப்பெரிக்கும் குடும்பங்களின் பணம்!

கோர்ட் கமிஷன் பக்கம் நின்றது. நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பு செக்குமாட்டின் கட்டை அவிழ்த்தது. கட்டணம் நிர்ணயித்த பிறகு கிடைக்கும் விளைவே கம்பெனியின் மதிப்பு. அந்த மதிப்பையே தொடக்கமாக வைத்துக் கட்டணத்தை அளக்க முடியாது என்பது அதன் சாரம். 46 ஆண்டுகள் ஆயின, இந்த எளிய உண்மை சபையேற! கட்டணத்துக்கு அடக்க விலையே அளவுகோல் என்பது அதன் பின்னரே வேரூன்றியது.

கடனுக்கும் விலை உண்டு

சொத்துக்கு மதிப்புப் போடுவது புரிகிறது. கடனுக்கு மதிப்பு ஏது, நூறு வாங்கினால் நூறுதானே என்று கேட்கத் தோன்றும். கேட்பது சரியே. ஆனால் கடன் பத்திரமும் கைமாறும் சரக்கு. அதற்கும் சந்தை உண்டு.

ஓர் உதாரணம். கலிபோர்னியாவின் பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் கம்பெனி, 2020 ஜூனில் நூற்றுக்கு மூன்றரை வட்டியில், 2050-இல் திருப்பித் தருவதாகப் பத்திரம் விற்றது. அப்போது வட்டி மிகத் தாழ்ந்திருந்த காலம். 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் ஐந்தேகாலுக்கும் ஐந்தரைக்கும் இடையே கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது மூன்றரை வட்டிப் பத்திரத்தை நூறு கொடுத்து வாங்க யார் வருவார்? இன்னும 27 ஆண்டுகள் இருக்கையில் சந்தை 6 வட்டி கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், நூறு டாலர்ப் பத்திரம் சுமார் 67 டாலர்தான் பெறும். அதுதான் அக்கடனின் 'நியாய மதிப்பு'.

அப்படியானால் கம்பெனியின் கடன் 33 குறைந்துவிட்டதா? இல்லை, தோழர்களே! 2050-இல் நூறும் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் ஐந்தொகையில் கடனை வாங்கிய அளவிலேயே வைத்து, நியாய மதிப்பை அடிக்குறிப்பில் மட்டும் காட்டுவது வழக்கம். இது ஒழுங்கான ஏற்பாடு. இதை மாற்றி, குறைந்த மதிப்பையே கணக்கில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2008 நெருக்கடியின்போது சில அமெரிக்க வங்கிகள் அப்படிச் செய்தன. வங்கி முழுகிவிடுமோ என்று ஊர் அஞ்சியது. அச்சத்தால் அதன் கடன் பத்திரம் விலை சரிந்தது. சரிந்ததை 'லாபம்' என்று எழுதிக்கொண்டது வங்கி. தன் பெயர் கெட்டதையே வரவில் வைத்த விந்தை அது.

ஆகவே, ஒரு கம்பெனி தன் கடனின் நியாய மதிப்பு குறைந்துவிட்டதென்று காட்டும்போது, இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். ஊரெங்கும் வட்டி ஏறியதால் குறைந்ததா? அல்லது கம்பெனி தள்ளாடுகிறது என்று கடன் கொடுத்தவர்கள் பயந்ததால் குறைந்ததா? முன்னது காலநிலை. பின்னது நோய்க்குறி. எண் ஒன்றுதான், சேதி வேறு.

மூன்றாம் படியில் ஏறி விழுந்தவர்கள்

என்ரான் என்ற பெயரை நம் நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். மகாராஷ்டிரத்தில் தாபோல் மின் நிலையம் கட்டிய அதே கம்பெனிதான். அது 1992-இல் ஓர் அனுமதி பெற்றது. நீண்டகால ஒப்பந்தம் கையெழுத்தானவுடனேயே, பின்னாளில் வரப்போகும் லாபத்தையெல்லாம் கணித்து அன்றே கணக்கில் எழுதலாம் என்பது அந்த அனுமதி.

2000-ஆம் ஆண்டில் பிளாக்பஸ்டர் என்ற படக்கடைக் கம்பெனியோடு 20 ஆண்டு ஒப்பந்தம் செய்தது என்ரான். கம்பி வழியே வீடுகளுக்குப் படம் காட்டும் திட்டம். அதிலே 11 கோடி டாலர் லாபம் எழுதியது. 2001 மார்ச்சில் ஒப்பந்தமே முறிந்தது! பால் கணக்கு இருந்தது, கன்று இல்லை. 2001 டிசம்பரில் என்ரான் மஞ்சள் கடிதாசி கொடுத்தது.

யார் அழுதார்கள்? ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற பழைய மின்சாரக் கம்பெனியை 1997-இல் என்ரான் வாங்கியிருந்தது. கம்பம் நட்டும் கம்பி இழுத்தும் உழைத்த அதன் தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பு என்ரான் பங்குகளாக மாறியிருந்தது. 2000-இல் 90 டாலர் விற்ற பங்கு, திவாலின்போது ஒரு டாலருக்கும் கீழே போயிற்று. மதிப்புப் போட்டவன் ஒருவன், மதிப்பிழந்தவன் வேறொருவன்.

பாரடைசில் எரிந்தது

இனி, பசிபிக் கம்பெனியின் கதைக்கே வருவோம்.

2018 நவம்பர் 8. வடகலிபோர்னியாவில் அக்கம்பெனியின் பழைய மின்தொடர் கோபுரம் ஒன்றில், ஏறக்குறைய நூறாண்டு தேய்ந்த ஓர் இரும்புக் கொக்கி அறுந்தது. கம்பி விழுந்தது. காடு பற்றியது. பாரடைஸ் என்று பெயர். சொர்க்கம் என்று பொருள். அந்த ஊரே சாம்பலாயிற்று. 85 பேர் மாண்டனர். 18,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 2020 ஜூனில் கம்பெனி, 84 பேர் சாவுக்குக் காரணமான குற்றத்தை நீதிமன்றத்திலே ஒப்புக்கொண்டது.

கணக்கேட்டிலே தேய்மானம் என்ற ஒரு வரி உண்டல்லவா? அந்த வரி காகிதத்தில் ஆண்டுதோறும் ஒழுங்காகத் தேய்கிறது. கோபுரத்தின் கொக்கியும் தேய்கிறது. காகிதத் தேய்மானத்துக்கு மக்கள் கட்டணத்தில் பணம் கொடுக்கிறார்கள். அந்தக் கொக்கியை மாற்ற ஒருவரும் ஏறவில்லையே! எந்த நியாய மதிப்புக் குறிப்பிலும் அந்தக் கொக்கிக்கு இடமில்லை.

2019 ஜனவரியில் கம்பெனி திவால் பாதுகாப்புக் கோரிற்று. 2015, 2017, 2018 ஆண்டுகளின் தீக்களுக்கு ஈடு பேசி முடித்தார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும், அவர்களுடைய உரிமைகளை வாங்கி வைத்திருந்த முதலீட்டு நிதிகளுக்கும் 1,100 கோடி டாலர். அனைத்தும் ரொக்கம்! வீடிழந்தோர், உறவிழந்தோர் உள்ளிட்ட ஏறத்தாழ 70,000 பேருக்கு 1,350 கோடி டாலர். பாதிதான் ரொக்கம், மறுபாதி கம்பெனியின் பங்கு! தங்கள் வீட்டை எரித்த கம்பெனியிலே அவர்கள் பங்குதாரர் ஆனார்கள். அது செழித்தால் ஈடு உண்டு. சரிந்தால் ஈடும் சரியும்.

அந்தப் பங்குகளின் மதிப்பு 675 கோடி என்று எப்படி முடிவு செய்தார்கள்? சந்தை விலையைக் கொண்டு அல்ல. 2021-இல் கம்பெனி ஈட்டக்கூடிய வருமானம் இவ்வளவு என்று கணித்து, அதை 14.9 ஆல் பெருக்கினார்கள். இன்னும் வராத ஆண்டின் இன்னும் ஈட்டாத வருமானம், பேரம் பேசி வைத்த ஒரு பெருக்கெண்! நாம் மேலே சொன்ன மூன்றாம் படி நினைவுக்கு வருகிறதா?

இறுதியில் நிதியத்துக்குக் கிடைத்தவை சுமார் 47 கோடியே 70 லட்சம் பங்குகள். அதே 2020 ஜூன் மாதம் கம்பெனி முதலீட்டாளருக்குப் புதுப் பங்குகளை விற்றதே, என்ன விலைக்கு? ஒன்பதரை டாலருக்கு! அவ்விலையில் பாதிக்கப்பட்டோர் கையிலிருந்த பங்குகள் 453 கோடிதான் பெறும். 675 எங்கே, 453 எங்கே? சூத்திரத்துக்கும் சந்தைக்கும் இடையே 222 கோடி டாலர் பள்ளம். அந்தப் பள்ளத்தில் நிறுத்தப்பட்டவர்கள் வங்கியாளர் அல்லர், கூரை இழந்தவர்கள்.

பின்னர் பங்கு விலை ஏறியது. 2022 முதல் நிதியம் சிறிது சிறிதாக விற்றது. முதல் விற்பனை 12 டாலர் அளவில். பிறகு அதற்கும் மேலே. உண்மை. மறுக்கவில்லை. ஆனால் காத்திருந்த ஆண்டுகளுக்கு யார் வட்டி கொடுத்தார்கள்? காப்பீட்டுக்காரர் ரொக்கத்தை எண்ணிக்கொண்டு போன பின்னர், முதியவர்கள் வண்டியிலும் வாடகை வீட்டிலும் இருந்தபடி பங்குச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே! விலை ஏறிய பின்னரும், அங்கீகரிக்கப்பட்ட ஈடு அவர்களுக்கு முழுமையாகக் கிடைத்துவிடவில்லை. இருந்த பணத்தை விகிதம் போட்டே பங்கிட்டார்கள்.

நாம் சொல்வது

"நியாய மதிப்பு முறையே மோசடி என்கிறீர்களா?" என்று சிலர் கேட்பர். அப்படிச் சொல்லவில்லை. அணு உலையைப் பிரிக்கச் சேர்த்த நிதி இன்று சந்தையில் என்ன பெறும் என்று அறியாவிட்டால், நாளைக்குப் பணம் போதுமா என்று எப்படி அறிவது? அந்த நிதியில் மின்கட்டணம் கட்டியவரின் பணம் இருக்கிறது. ஓய்வூதிய நிதியும் அப்படியே. பழைய விலையை எழுதி வைத்துக்கொண்டு நிறைந்திருப்பதாக நம்புவது பேதைமை. அங்கே நியாய மதிப்பு விளக்கு, அது வேண்டும்.

நாம் எதிர்ப்பது மூன்றை. கட்டணத்தை ஏற்ற அந்த மதிப்பை ஏணியாக்குவதை எதிர்க்கிறோம். 1944-இல் அடைத்த வாசலை மீண்டும் திறக்கக் கூடாது. கம்பெனி தானே கணித்த விலையை லாபமாக எழுதி, அதைக் காட்டிப் பங்கை ஏற்றுவதை எதிர்க்கிறோம். இழப்புக்கு ஆளான ஏழைக்குச் சூத்திர மதிப்பையும், பணம் படைத்தவனுக்கு ரொக்கத்தையும் கொடுக்கும் ஓரவஞ்சனையை எதிர்க்கிறோம். ஈடு என்றால் முதலில் உயிரும் வீடும் இழந்தவனுக்கு ரொக்கம். விலை ஏறுமா இறங்குமா என்ற பந்தயத்தைப் பணம் படைத்தவன் ஆடட்டும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலிப் பேச்சுக்குப் போகும்போது லாபக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பின்பக்க அடிக்குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் படியில் எவ்வளவு இருக்கிறது, சென்ற ஆண்டைவிட ஏறியதா, ஏன் ஏறியது என்று கேளுங்கள். ஓய்வூதிய நிதி கம்பெனியின் சொந்தப் பங்கிலேயே முடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். கடன் பத்திரத்தின் விலை சரிந்திருந்தால் காரணம் கேளுங்கள். தேய்மானமென்று எடுத்த பணத்தில் எத்தனை கம்பம், எத்தனை கொக்கி மாற்றினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அந்தக் கொக்கியின் கீழே நின்று வேலை செய்கிறவர் நீங்கள். அந்தக் கம்பியின் கீழே குடியிருப்பது உங்கள் குடும்பம். கேட்கும் உரிமை உங்களுக்கில்லாமல் வேறு யாருக்கு?